மனச்சுமையால் நித்திரை வராதவர்களுக்கு: சீன மருத்துவம் காட்டும் வழி, வன்னி வீடுகளுக்கு ஏற்றபடி

நித்திரை வரவில்லை என்று போனால், சீன மருத்துவம் படித்த ஒருவர் முதலில் கேட்பது "எப்படி வரவில்லை?" என்றுதான். படுத்தும் கண் மூட மறுக்கிறதா? நித்திரையாகி நடுச்சாமத்தில் முறிகிறதா? சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழும்புகிறீர்களா? அப்புறம் நாக்கை நீட்டச் சொல்வார், இரண்டு கை நாடியும் பார்ப்பார். மருந்து, உடம்பின் புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்துகிற அக்குபங்சர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கேள்விதான். வன்னியில் நித்திரை இல்லாதவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. லோன் கட்டும் நாள் நெருங்க நெருங்கப் புரளுகிறவர் ஒருவர். வயல் காவலுக்குப் போய்ப் போய் இரவு நித்திரையே பழக்கம் விட்டுப்போனவர் இன்னொருவர். 2009இன் செல் சத்தம் இன்னும் உடம்புக்குள் இருப்பவர் வேறு. இவர்கள் எல்லாருக்கும் ஒரே குளிசை, ஒரே கசாயம் என்றால் எப்படிச் சரிவரும்?

கீழே இருப்பது பெரும்பாலும் வீட்டிலேயே, செலவில்லாமல் செய்யக்கூடியது. எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சீன மருத்துவம் நித்திரையை எப்படிப் பார்க்கிறது

பகலின் ஆற்றல் யாங், இரவின் ஆற்றல் யின். உடம்பைக் காக்கிற உயிராற்றல் பகலில் வெளிப்புறம் ஓடித் திரிகிறது, இரவில் உள்ளே இறங்குகிறது. அது இறங்கினால் நித்திரை, இறங்க வழியில்லாவிட்டால் விழிப்பு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள ஹுவாங்தி நெய்ஜிங் என்ற அடிப்படை நூல் சொல்லும் விளக்கம் இது.

மனம் குடியிருப்பது இதயத்தில் என்பது அவர்கள் கணக்கு. ஷென் என்று அதற்குப் பெயர். ஷென் அமைதியாகத் தங்க இரத்தமும் யின்னும் போதுமான அளவு இருக்க வேண்டும். கோபமும் அடக்கிய ஆத்திரமும் ஈரலைத் தாக்கும், ஓயாத யோசனை மண்ணீரலைத் தாக்கும், பயம் சிறுநீரகத்தைத் தாக்கும். இங்கே ஈரல், சிறுநீரகம் என்பவை ஸ்கானில் தெரிகிற உறுப்புகள் மட்டும் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு தொழிற்பாட்டுத் தொகுதி. ஆகவே "ஈரலில் சூடு" என்று ஒருவர் சொன்னால் உங்களுக்கு ஈரல் வருத்தம் வந்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை.

முதல் படி: ஒரு கிழமைக்குக் கொப்பியில் எழுதுங்கள்

பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், ஏறத்தாழ எப்போது நித்திரை வந்தது, எப்போது முறிந்தது, காலையில் எழும்பும்போது உடம்பு எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதுங்கள். அன்று பின்னேரம் குடித்த தேநீர், இரவுச் சாப்பாட்டு நேரம், மனதைக் குழப்பிய விடயம் ஏதும் இருந்தால் அதையும் எழுதுங்கள். இரவில் மணிக்கூட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம். காலையில் நினைவில் இருப்பதை எழுதினால் போதும்.

நாக்கையும் பாருங்கள். காலையில், பல் தீட்ட முதல், வெளி வெளிச்சத்தில். நுனி சிவந்திருக்கிறதா, ஓரம் சிவந்திருக்கிறதா, வெளிறி ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கிறதா, மஞ்சளாகத் தடித்த படை இருக்கிறதா என்று கவனியுங்கள். வெற்றிலை போடுகிறவர்களுக்கு நிறம் ஏமாற்றும், அவர்கள் படையின் தடிப்பை மட்டும் பார்க்கலாம்.

இரண்டாம் படி: வைத்தியரிடம் காட்ட வேண்டியவற்றைப் பிரித்தெடுங்கள்

இதைச் செய்யாமல், கீழே சொல்கிற உடம்புப் புள்ளிகளை விரலால் அழுத்தத் தொடங்க வேண்டாம். தைரோயிட் கூடினாலும், இரத்தம் குறைந்தாலும், சீனி கூடி இரவில் பல தடவை சலம் போக எழும்பினாலும் நித்திரை கெடும். பலத்த குறட்டையோடு இடையில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்கும், இரவில் இழுப்பு வருகிறவருக்கும் அதற்கான சிகிச்சை வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள்.

விடியப்புறம் விழித்து, வாழ்வதில் ஒன்றும் இல்லை என்ற எண்ணம் வருகிறதா? உயிரை விடலாம் என்று தோன்றுகிறதா? அன்றைக்கே மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எடுங்கள். தனியாகப் போக வேண்டாம், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் ஒருவர் இப்படிக் கதைத்தால் "சும்மா சொல்கிறார்" என்று விட்டுவிட வேண்டாம்.

மூன்றாம் படி: உங்களுடையது எந்த வகை

சீன மருத்துவ நூல்கள் நித்திரையின்மையைப் பல கோலங்களாகப் பிரிக்கின்றன. மனச்சுமையோடு நேரடியாகத் தொடர்புள்ளவற்றை மட்டும் எடுக்கிறேன். இரண்டு கலந்தும் இருக்கும், அப்படியானால் எது கூடுதலாக வருத்துகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

*ஈரல் ஆற்றல் அடைபட்டுச் சூடாதல்.* மனச்சுமைக்காரரிடம் அதிகம் காண்பது இது. படுத்தால் கண் மூடாது. தலை கனக்கும், கண் சிவக்கும், விலாவில் இறுக்கம், காலையில் வாய் கசப்பு, எரிச்சல். அல்லது இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் விழிப்பு வரும். சீனர்களின் உறுப்பு மணிக்கூட்டில் அது ஈரலின் நேரம். நாக்கின் ஓரம் சிவந்திருக்கும். காணிப் பிரச்சினைக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறவர், நெல்லுக்கு விலை இல்லாமல் உரக்கடைக் கடனோடு நிற்கிறவர், கோபத்தை யாரிடமும் காட்ட முடியாமல் விழுங்கிக்கொள்கிறவர் இந்த வகையில் வருவார்கள். வாய்க்காலில் குப்பை அடைத்தால் தண்ணீர் வரம்பை உடைப்பது போல, ஓட முடியாத ஆற்றல் சூடாகி மேலே ஏறுகிறது என்பது இதன் விளக்கம். இவர்களுக்கு முதல் மருந்து அசைவு. பின்னேரம் அரை மணி நேரம் கையை வீசி நடப்பது, வாய்விட்டுக் கதைப்பது. சாராயம் உடனே நித்திரை தருவது போலத் தெரிந்தாலும் நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். பொரியலும் கடும் உறைப்பும் சூட்டைக் கூட்டும்.

*இதயமும் மண்ணீரலும் களைத்துப்போதல்.* நித்திரை வரும், ஆனால் நிலைக்காது. கனவு அதிகம், நெஞ்சு படபடக்கும், மறதி, பசியின்மை, முகம் வெளிறும், நாக்கும் வெளிறி ஓரத்தில் பல் தடம் தெரியும். தனியாகக் குடும்பத்தைத் தூக்கி நிற்கிற பெண்களிடம் இது அதிகம். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, மிஞ்சினதைக் குசினியில் நின்றபடி சாப்பிடுகிறவர்கள் அவர்கள். இவர்களுக்கு எந்தப் புள்ளியையும் விட முக்கியம் மூன்று நேரமும் இருந்து, சூடாக, நேரத்துக்குச் சாப்பிடுவது. மாதவிலக்கில் இரத்தம் கூடப் போகிறது என்றால் ஹீமோகுளோபின் கட்டாயம் பார்க்க வேண்டும்.

*இதயமும் சிறுநீரகமும் தொடர்பு விட்டுப்போதல்.* நீண்ட காலக் களைப்புக்குப் பிறகு, வயது போனவர்களிடமும் மாதவிலக்கு நிற்கும் காலத்துப் பெண்களிடமும் வருவது. உள்ளங்கை, உள்ளங்கால் எரியும். இரவில் வியர்க்கும், வாய் காயும், காது இரையும், நாரி உளையும். நாக்கு சிவந்து படை குறைவாக இருக்கும். மேலே உள்ள சூட்டைக் காலுக்கு இறக்குவதுதான் இங்கே வேலை.

*இதயமும் பித்தப்பையும் பலமிழத்தல்.* துணிவு பித்தப்பையில் இருக்கிறது என்பது சீனர் நம்பிக்கை. அது குறைந்தால் பயம். கதவு அடிபட்டால் உடம்பு தூக்கிப் போடும், தனியாகப் படுக்க முடியாது, துரத்துகிற கனவு வரும். வன்னியில் இந்த வகையைப் பற்றி மிகக் கவனமாகக் கதைக்க வேண்டும். முள்ளிவாய்க்கால் வரை நடந்து திரும்பியவர்களின் திடுக்கிடல் பலருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுவாக இருக்கலாம். புள்ளி அழுத்துவது அந்த நேரத்துப் படபடப்பைத் தணிக்க உதவும். அதோடு மட்டும் நிற்காமல் மனநலப் பிரிவின் உதவியையும் எடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம், ஒன்றுக்கொன்று பகை இல்லை.

*வயிறு குழம்புதல்.* வயலால் வந்து பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு அப்படியே படுப்பது, ஏவறை, நெஞ்சு கரிப்பு, மஞ்சள் தடித்த படை. வயிறு அமைதியில்லாவிட்டால் படுக்கையும் அமைதியில்லை என்று நெய்ஜிங்கிலேயே இருக்கிறது. இதற்கு வழி இரவுச் சாப்பாட்டை முன்னுக்குத் தள்ளிக் குறைப்பதுதான்.

இந்த வகைகள் எதற்குள்ளும் அடங்காத ஒரு விழிப்பும் இங்கே இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரின் விழிப்பு. அவர்கள் கேட்பது பதில். அவர்களிடம் போய் "இந்தப் புள்ளியை அழுத்துங்கள், சரியாகிவிடும்" என்று யாரும் சொல்லக்கூடாது. உடம்பு தாங்குவதற்காக ஒரு கைப்பிடி உதவியாக இதைக் காட்டிக்கொடுக்கலாம், அவ்வளவுதான்.

நான்காம் படி: பகலைச் சரிசெய்யுங்கள்

காலையில் ஒரே நேரத்துக்கு எழும்பி வெளியில் வெயில் படுங்கள், யாங் எழும்ப வேண்டிய நேரம் அது. சீனர் மரபில் பகல் பதினொரு மணி முதல் ஒரு மணி வரை இதயத்தின் நேரம், அப்போது கொஞ்சம் கண் மூடுவதை நல்லது என்பார்கள். இருபது, முப்பது நிமிடம் போதும். பின்னேரம் நாலு மணிக்கு அடிக்கிற நித்திரை இரவைக் கெடுக்கும்.

காலபோகத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கிறவர்களுக்கு வேறு கணக்கு. அவர்களின் உடம்பில் வருத்தம் இல்லை, நேரம்தான் மாறிக் கிடக்கிறது. காவல் முடிந்து வந்ததும் அறையை இருட்டாக்கி ஒரே தடவையில் படுப்பது, முடிந்தால் பக்கத்து வயல்காரரோடு முறை வைத்துக்கொள்வது என்றுதான் சமாளிக்க வேண்டும். அறுவடை முடிந்ததும் எழும்பும் நேரத்தை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேநீர், கோப்பி வேண்டாம். இரவில் கடை வாசலில் நின்று குடிக்கிற பிளேன்ரீயும் இதில் அடங்கும்.

சாப்பாட்டில் ஒன்று சொல்ல எனக்கு ஆசை. வன்னிக் குளங்களில் பிள்ளைகள் இறங்கிப் பறித்து உரித்துத் தின்கிற தாமரை விதை, சீன மருத்துவத்தில் மனத்தைத் தணித்து மண்ணீரலைத் தேற்றுகிற பொருள். ஒரு சின்னக் கைப்பிடி உரித்து அரிசிக் கஞ்சியில் போட்டுக் காய்ச்சி இரவுச் சாப்பாடாக எடுக்கலாம். நடுவில் உள்ள பச்சைக் குருத்துக் கசக்கும். சூட்டு வகைக்காரர் அதையும் சேர்க்கலாம், களைத்த வகைக்காரர் எடுத்துவிட வேண்டும். மலச்சிக்கல் உள்ளவருக்குத் தாமரை விதை ஒத்துவராது. இலந்தைக் கொட்டையை மட்டும் இடித்துக் குடிக்காதீர்கள். சீனர் நித்திரைக்குப் பாவிப்பது இலந்தை இனத்தின் வேறொரு வகையின் விதையை, அதுவும் பதப்படுத்தி, அளவு பார்த்து.

ஐந்தாம் படி: இரவு ஒழுங்கு

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் போனை வேறு அறையில் வையுங்கள். லோன்காரரின் அழைப்பும் வெளிநாட்டுச் சொந்தங்களின் வட்ஸ்அப் செய்தியும் விடிய வரலாம்.

ஒரு பேசினில் கணுக்கால் மூழ்க இளஞ்சூட்டு நீர் எடுத்து, பதினைந்து நிமிடம் காலை வைத்திருங்கள். நெற்றியில் மெல்ல ஈரம் தட்டினால் போதும், வியர்த்து ஒழுகக்கூடாது. பாதம் சூடாகி இரத்தக் குழாய் விரிந்தால் உடம்பின் உள்வெப்பம் வெளியேறுகிறது, அது நித்திரைக்கு உதவுகிறது என்பதை நவீன உடலியலும் ஏற்கிறது. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் வெதுவெதுப்பே போதும். சலரோகம் உள்ளவர்கள் காலால் சூட்டைப் பார்க்கக்கூடாது, முழங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். காலில் புண் இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

காலைத் துடைத்துவிட்டுப் புள்ளிகளுக்கு வாருங்கள். பெருவிரலால் அழுத்தி மெல்லச் சுழற்ற வேண்டும், ஒரு மந்தமான உளைவு தெரிகிற அளவுக்கு. ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம், இரு பக்கமும்.

எல்லா வகைக்கும் பொதுவானது ஷென்மென், இதயத் தடத்தின் (அதன் ஆற்றல் ஓடுவதாகச் சொல்லும் பாதையின்) 7ஆம் புள்ளி. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, மணிக்கட்டு மடிப்புக் கோட்டில் சுண்டுவிரல் பக்கமாகத் தடவுங்கள். ஒரு தசைநார் தட்டுப்படும், அதற்குச் சற்று உட்புறமுள்ள பள்ளம்தான் இடம். நெஞ்சு படபடப்பும் பயமும் உள்ளவர்கள் நெய்குவானைச் சேர்க்க வேண்டும். அதே மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம், நடுவில் இரண்டு தசைநார்களுக்கு இடையில்.

ஈரல் வகைக்காரருக்கு தாய்ச்சோங். பாதத்தின் மேற்புறம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலிருந்து மேலே தடவிக்கொண்டு போனால் எலும்புகள் சந்திப்பதற்குச் சற்று முன் ஒரு குழி. அழுத்தினால் நன்றாக நோகும். களைத்த வகைக்கு சான்யின்ஜியாவ்: உள் கணுக்கால் முட்டியிலிருந்து நாலு விரல் மேலே, கால் எலும்பின் பின் ஓரம். கர்ப்பிணிகள் இந்தப் புள்ளியைத் தொடவே கூடாது. சிறுநீரக வகைக்கு யோங்ச்சுவான்: பாதத்தை மடக்கினால் உள்ளங்காலின் முன்பகுதியில் விழுகிற பள்ளம். அதை உள்ளங்கையால் சூடேறும் வரை, நூறு தடவை போலத் தேய்ப்பது வழக்கம். கடைசியாகப் புருவ நடுவில், பொட்டு வைக்கிற இடத்தில், யின்டாங்கை நடுவிரலால் மெல்லத் தடவிக்கொண்டு படுங்கள்.

செல் துண்டு உடம்பில் உள்ளவர்கள் அந்த இடத்தையும் அதைச் சுற்றியும் அழுத்தக்கூடாது. ஊசி குத்துகிறவரிடமும், முக்கியமாக மின்சாரம் இணைக்கிற ஊசி என்றால், முன்கூட்டியே சொல்லுங்கள். கால் அல்லது கை இழந்தவர்கள் மற்றப் பக்கத்துப் புள்ளியைப் பாவிக்கலாம். காதிலும் ஷென்மென் என்று ஒரு புள்ளி இருக்கிறது. காது மடலின் மேற்பாதியில் முக்கோணமாக ஒரு குழி தெரியும், அதற்குள் மேற்புறம். சுட்டுவிரல் நுனியால் அழுத்தலாம், படுத்தபடியே செய்யலாம்.

மூச்சு: வயிறு எழும்ப மூக்கால் இழுத்து, இழுத்ததை விட நீளமாக விடுங்கள். விடும்போது கவனம் உள்ளங்காலில் இருக்கட்டும். சீகொங் என்ற சீன மூச்சு, அசைவுப் பயிற்சியின் எளிய வடிவம் இது.

ஆறாம் படி: நடுச்சாமத்தில் விழித்தால்

ஏறத்தாழ இருபது நிமிடம் புரண்டும் வரவில்லை என்று உணர்ந்தால் எழும்பி, மங்கலான வெளிச்சத்தில் திண்ணையிலோ கதிரையிலோ இருங்கள். ஷென்மென்னை அழுத்திக்கொண்டு நீளமாக மூச்சு விடுங்கள். நாளைக்குச் செய்ய வேண்டியது மண்டைக்குள் ஓடினால் கொப்பியில் எழுதிவிட்டு மூடுங்கள். நித்திரை தூங்கிவந்த பிறகு பாய்க்குப் போங்கள். படுக்கையை விட்டு எழும்புகிற இந்த வழி சீன மருத்துவத்தில் இருந்து வந்ததில்லை, நித்திரை பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுகிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இருந்து எடுத்தது. அமெரிக்க உள்ளக மருத்துவர் கல்லூரி 2016இல் நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது அந்தச் சிகிச்சையைத்தான். அக்குபங்சருக்கும் மூலிகைக்கும் ஆய்வுகள் நிறைய இருந்தாலும் பலவற்றின் தரம் உறுதியாக இல்லை. அந்தச் சிகிச்சையையும் சீன மருத்துவத்தையும் ஒன்றாகப் பாவிப்பதில்தான் எனக்கு நம்பிக்கை.

ஏழாம் படி: ஊசி, மருந்து என்று வந்தால்

ஊசி குத்துகிறவர் பதிவு உள்ளவரா, ஒவ்வொருவருக்கும் புது ஊசியை உறை பிரித்து எடுக்கிறாரா என்று பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும்.

மூலிகையில் நான் மிகவும் கண்டிப்பு. கி.பி. 200 அளவில் வாழ்ந்த சீன மருத்துவர் சாங் சொங்ஜிங் எழுதிய சுவான் சாவ் ரென் தாங் என்ற கசாயம் இன்றும் நித்திரைக்குப் பாவனையில் இருக்கிறது, நல்ல கைகளில் நல்ல மருந்து. ஆனால் இணையத்தில் "சைனீஸ் நித்திரை மருந்து" என்று விற்கிற போத்தல் வேறு. ஈரல் சூட்டு நித்திரையின்மைக்குக் கொடுக்கிற லோங் தான் சியே கான் என்ற குளிசையில் முன்பு குவான் மு தோங் என்ற கொடியைச் சேர்த்தார்கள். அதில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் பலரின் சிறுநீரகத்தை அழித்தது. சீன அரசு 2003இல் அந்தக் கொடியைத் தடை செய்தது. சிறுநீரக நோய் ஏற்கெனவே கவலையாக இருக்கிற வவுனியாவும் அதைச் சூழ்ந்த உலர் வலய ஊர்களும் இதை மறக்கக்கூடாது. இரத்தப் பரிசோதனையில் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) கூடியவர்கள் எந்த மூலிகைக் குளிசையையும் கிளினிக்கில் காட்டாமல் வாயில் வைக்க வேண்டாம். சில பழைய மனஅமைதி மாத்திரைகளில் சாதிலிங்கம், அதாவது பாதரசம் சேர்ந்த தாது இருக்கும். அதிமதுரம் நாட்கணக்கில் எடுத்தால் பிரஷர் ஏறும்.

ஆஸ்பத்திரியில் தந்த நித்திரைக் குளிசையைச் சொந்தமாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். சில வகைகளை அப்படி விட்டால் வலிப்பு வரலாம், வைத்தியர் படிப்படியாகத்தான் குறைப்பார். அதோடு நித்திரை தருகிற கசாயத்தையும் சேர்த்துக் குடித்தால் மயக்கம் கூடும், இரவில் கிணற்றடிக்குப் போகிறவர் விழுந்துவிடக்கூடும்.

எட்டாம் படி: எவ்வளவு நாள் பார்ப்பது

மூன்று, நாலு கிழமை ஒழுங்காகச் செய்யுங்கள். முதலில் மாறுவது நித்திரையின் நீளமாக இருக்காது. முறிந்த பிறகு திரும்பப் படுக்க எடுக்கிற நேரம் குறையும், பகலில் எரிச்சல் குறையும். கொப்பியைப் பார்த்தால் அது தெரியும். ஒன்றும் மாறவில்லை என்றால், அல்லது கிழமையில் மூன்று இரவுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால், கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எடுக்கிற குளிசைகள், கசாயங்கள் எல்லாவற்றின் பெயரையும் பின் பக்கத்தில் எழுதி, போத்தல் இருந்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.